ராக் இசைக் கலைஞர்களைப் படமெடுத்த புகைப்படக்காரர் மிக் ராக்கின் புகைப்படங்கள்: மறக்க முடியாத உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

நள்ளிரவுக்காட்சி:
மியூனிக்கின் மியூசியம் லிக்ட்ஷ்பீலே அரங்கில் ‘ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ’ என்ற திகில் நகைச்சுவை இசைப்படம் 1977 முதல் ஓடிவருவதும், வருகிறவர்கள் வேடமிட்டு, அரிசி எறிந்து பார்ப்பதும் இங்கே எல்லோருக்கும் தெரிந்தவை. என்னை விடாமல் தொடர்வது, படம் தொடங்குவதற்கு முன் கண்ட ஒரு காட்சி. படத்தில் டிம் கர்ரி நடித்த ஃபிராங்க்-என்-ஃபர்ட்டர் பாத்திரத்தின் வேடத்தில் இருந்த இளைஞர் ஒருவர் கண்ணாடியின் முன் நின்று புருவம் தீட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடியின் மூலையில், படப்பிடிப்பின்போது மிக் ராக் எடுத்த டிம் கர்ரியின் புகைப்படம் செருகப்பட்டிருந்தது. அவர் தீட்டுவதை நிறுத்துவார், புகைப்படத்தைப் பார்ப்பார், வளைவை மயிரிழை அளவு உயர்த்துவார், மறுபடியும் பார்ப்பார். திரையில் அந்த முகம் ஒரு கணமும் ஓய்ந்திருப்பதில்லை. தலைமுறை கடந்து வேடம் போடுவோருக்கு அளவு கொடுத்தது, அசையாமல் கூர்மையாக நிற்கும் அந்தப் புகைப்படந்தான் என்று அன்று புரிந்தது.

இருட்டறை:
கூர்மையே காரணம் என்ற நண்பரின் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. லண்டனில் புகைப்பட அச்சுப் பணியில் இருக்கிறேன். ராக் பாடகர் லூ ரீடின் ‘டிரான்ஸ்ஃபார்மர்’ இசைத்தட்டு உறைப் படத்தின் பெரிய அச்சு ஒன்றைச் சேகரிப்பாளர் ஒருவர் கொண்டுவந்து, முகத்தைத் தெளிவாக்கித் தர இயலுமா என்று கேட்டார். 1972 ஜூலையில் லண்டனின் கிங்ஸ் கிராஸ் சினிமா அரங்கில் நடந்த கச்சேரியில் மிக் ராக் எடுத்த படம் அது. அடுத்த இரவு அதே மேடையில் எடுத்ததுதான் பாடகர் இக்கி பாப்பின் ‘ரா பவர்’ இசைத்தட்டு உறையில் இருக்கிறது. உருப்பெருக்கி லென்ஸை அச்சின் மேல் வைத்துக் குனிந்து பார்த்தபோது, கண்குழியின் விளிம்பில் கிரெயின் எனப்படும் ஃபிலிமின் நுண்புள்ளிகளே தென்படவில்லை. கேமராவில் ஃபோகஸ் தவறியிருந்தால் உருவம் மங்கினாலும் கிரெயின் கூர்மையாகவே இருக்கும். கிரெயினும் கரைந்திருந்தால் ஃபோகஸ் விலகியது, நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிடும் கருவியான என்லார்ஜரில்தான். அச்சிடும்போது தற்செயலாக அப்படி ஆனதென்றும், லூ ரீட் அதையே தேர்ந்தெடுத்தாரென்றும் மிக் ராக் சொல்லியிருக்கிறார். வெள்ளை மாவு பூசிய ஒரு மனித முகத்தைப் பேயின் முகமாக்கியது அந்த மங்கல். தெளிவாக்க மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தேம்ஸ்கரை:
நீங்கள் இருவரும் கட்டடத்தை மறந்துவிட்டீர்கள். ராக்கி ஹாரரின் மாளிகையாக வரும் ஓக்லி கோர்ட், ஹாமர் நிறுவனம் தன் திகில் படங்களை எடுத்த பிரே ஸ்டூடியோவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்நிறுவனமே அந்த வீட்டைப் பலமுறை பயன்படுத்தியது. 1974இன் குளிரில், கூரை ஒழுகிய அந்த வீட்டில் நடித்த சூசன் சரண்டனுக்கு நிமோனியாவே வந்தது. இன்று அது ஹோட்டல். உறவினர் திருமணத்துக்காக அங்கே போயிருந்தபோது, புகைப்படக்காரர் மணமக்களை வாசற்படியில் நிறுத்தி, மேலே நிமிர்ந்து பார்க்கச் சொன்னார். மணப்பெண்ணின் கண்கள் முகட்டுச் சிற்பங்களில் பட்டதும் அவள் சிரிப்பு சட்டென்று நின்றது. யார் படமெடுத்தாலும் அந்தச் சுவர் தன் வேலையைச் செய்யும்.

டிரை-எக்ஸ்:
சுவர் படமெடுக்காது, ஐயா. ஒஸ்லோவில், முகத்தில் கறுப்பு வெள்ளைப் பூச்சோடு பாடும் கடும் ராக் இசையான பிளாக் மெட்டல் கச்சேரி ஒன்றில், முதல் மூன்று பாடல்களுக்கு மட்டும், ஃபிளாஷ் இல்லாமல் என்ற வழக்கமான நிபந்தனையோடு படமெடுத்தேன். பாடகர் என் லென்ஸை நோக்கிக் குனிந்தபோது, வெள்ளைப் பூச்சைக் கிழித்துக்கொண்டு வியர்வை கறுப்பாக வழிந்தது. இன்றும் அது கண்ணிலேயே நிற்கிறது.

இத்தகைய முகங்களை எடுக்கப் போகிறவர்கள் கேமரா தானாக ஒளியை அளப்பதை நம்ப வேண்டாம். கறுப்புத் திரையும் கறுப்பு உடையும் சட்டகத்தை நிறைத்தால் கேமரா ஒளியைக் கூட்டும். வெள்ளைப் பூச்சு வெளுத்து, மூக்கும் கன்னமும் ஒன்றாகிவிடும். ஒரு புள்ளியின் ஒளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் முறையில் முகத்தை அளந்தாலோ வெள்ளை சாம்பலாகும். அப்போது ஒளியை ஒன்றரை ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு ஒளி) கூட்ட வேண்டும். சிவப்பு விளக்கு வரும்போது காத்திருங்கள், வெள்ளை விளக்கு ஒரு நொடியாவது வரும். 1974இல் வந்த, குயின் ராக் குழுவின் ‘குயின் 2’ இசைத்தட்டு உறையைப் பாருங்கள்: நடிகை மார்லீன் டீட்ரிச்சின் 1932ஆம் ஆண்டுப் புகைப்படம் ஒன்றைப் பின்பற்றி, மிக் ராக் ஒளியை மேலிருந்து மட்டுமே இறக்கியிருக்கிறார், நெற்றியும் கன்ன எலும்பும் ஒளிர, கண்கள் குழிக்குள் போய்விடுகின்றன. கச்சேரியிலும் பாடகர் மேல்விளக்கின் நேர்கீழே வந்து தலையைச் சற்றுத் தாழ்த்தும் தருணத்தில் அழுத்துங்கள். நிமிர்ந்துவிட்டால் அது வெறும் மேக்கப் போட்ட முகமாகிவிடும்.