தெற்கு ஹான் வீழ்ந்தது யானைப்படையாலா?

கேள்வி:
917 முதல் 971 வரை தென் சீனாவின் குவாங்சோ துறைமுகத்திலிருந்து ஆண்ட தெற்கு ஹான் அரசை, வடக்கிலிருந்து வந்த சோங் பேரரசின் படை ஆறு மாதத்துக்குள் முடித்துவிட்டது. யானைகள் மிரண்டதுதான் காரணம் என்று பலரும் ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அவ்வளவுதானா? ஈயக் காசு அடித்தது கஜானா காலியானதாலா?

பதில் 1:
யானைக் கதை உண்மைதான். 970-71 குளிர்காலத்தில் ஷாவோசோ அருகே தெற்கு ஹான் தளபதி லி செங்வோ யானைகளை முன்வரிசையில் நிறுத்தினார். ஒவ்வொன்றின் மேலும் பத்துக்கு மேற்பட்ட வீரர்கள். சோங் தளபதி பான் மெய் வலுவான விசைவில்களை ஒன்றாகக் குவித்து எய்ய வைத்தார். மேலிருந்தவர்கள் உருண்டு விழ, யானைகள் திரும்பிச் சொந்தப் படையையே மிதித்தன.

ஆனால் நாடு உள்ளே எப்போதோ உளுத்துவிட்டது. லியூ ஷெங் 943-இல் அரசராக இருந்த அண்ணனைக் கொன்று அரியணை ஏறி, உடன்பிறந்தவர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டினார். படையைச் சீர்செய்யச் சொன்ன தளபதி ஷாவோ டிங்ஜுவானை, ஒரு மொட்டைக் கடிதத்தை நம்பி, லியூ ஷெங்கின் மகனும் கடைசி அரசருமான லியூ சாங் சாகடித்தார். மதிலும் அகழியும் மாளிகையும் குளமுமாக மாறியிருந்தன. போர்க்கப்பல்கள் பாழ், ஆயுதங்கள் துரு. இதில் யானையைக் குறை சொல்லி என்ன பயன்?

பதில் 2:
ஈயக் காசு முதல் அரசர் லியூ யான் காலத்திலேயே உண்டு. பத்து ஈயக் காசுக்கு ஒரு செப்புக் காசு. எனவே அதை வீழ்ச்சியோடு முடிச்சுப் போட முடியாது. பின்னாளில் அரசு செம்பைப் பதுக்கத் தொடங்கியது: நகருக்குள் ஈயம், வெளியே செம்பு, மாற்றிக் கடத்தினால் மரண தண்டனை. அதிகாரிகளுக்கே தனிச்சலுகை இருந்தால்தான் செம்பில் சம்பளம்.

சேகரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தக் காசுகளை வினிகரில் ஊறவைக்காதீர்கள். மரப்பெட்டியும் வேண்டாம், மரத்தின் அமில ஆவி பட்டு ஈயம் வெள்ளைத் தூளாக உதிரும்.

பதில் 3:
ஷாவோசோ கடைசிப் போர் இல்லை. தலைநகருக்கு வெளியே தெற்கு ஹான் படையினர் மூங்கில் அரண் அமைத்துக் காத்திருந்தார்கள். பான் மெய் சில ஆயிரம் பேரிடம் ஆளுக்கு இரண்டு தீவட்டி கொடுத்து இரவில் குறுக்குவழியாக அனுப்பினார். காற்றும் பலமாக வீச, அரண் எரிந்தது. தப்பியோட லியூ சாங் செல்வத்தை ஏற்றி வைத்திருந்த பத்துக்கு மேற்பட்ட கப்பல்களையும், அரண்மனை அண்ணகர் (விதை நீக்கப்பட்ட பணியாளர்) ஒருவர் காவலர்களோடு சேர்ந்து ஏற்கெனவே ஓட்டிக்கொண்டு போயிருந்தார்!

சோங் கணக்கில் சேர்ந்தவை 60 மாநிலங்கள், 214 வட்டங்கள், 1,70,263 குடும்பங்கள். மாநிலத்துக்குச் சராசரி 3,000 குடும்பம்கூட இல்லை. வருமானம் துறைமுகத்தில்தான் இருந்திருக்க வேண்டும். சோங் அரசும் அதே 971-இல் குவாங்சோவில் கடல்வணிக அலுவலகத்தைத் திறந்துவிட்டது.