புதுப்பிப்பு: பந்தாலிக்காவில் ஓடிவிட்டு வந்தேன்

சிசிலியின் பந்தாலிக்கா பள்ளத்தாக்கில் முழங்கால் நோகாமல் ஓட வழி உண்டா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அனாப்போ ஆற்றையொட்டிய பழைய ரயில் பாதையில் ஓடச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. 1956-இல் ரயில் நின்றுபோய், இப்போது வெறும் மண்பாதை. ஏற்றம் அவ்வளவாக இல்லை. செங்குத்துப் பாறையில் தேன்கூடு மாதிரி குடைந்த கல்லறைகள், மொத்தம் 5,000-க்கும் மேல். பெரும்பாலும் கி.மு. 13 முதல் 7-ஆம் நூற்றாண்டு வரையிலானவை. நிமிர்ந்து பார்த்தே வேகம் போச்சு.

எதிர்பாராதது ரயில் சுரங்கங்கள். ஒன்றின் நடுவில் கும்மிருட்டு. கைபேசி வெளிச்சத்தில் நடந்தே கடந்தேன். நெற்றி விளக்கு கட்டாயம். ஜிபிஎஸ் கடிகாரமும் உள்ளே குழம்பிவிட்டது, தூரக்கணக்கை நம்பாதீர்கள். அப்புறம், மேலே மாளிகை இடிபாட்டுக்கு ஏறும் வழியெல்லாம் கல்லும் பாறையும். அங்கே நடைதான், ஓட்டம் ஆகாது.