பார்த்துத்தான் கடந்தார்: அதிவேக வண்டிகளோடு உங்கள் அனுபவம் என்ன?

கோட்டையூர்க்காரன்:

மேலூர் – காரைக்குடி நான்குவழிச் சாலையில் வாரம் தவறாமல் போய்வருகிறவன் நான். போன மாதம் திருப்பத்தூர் தாண்டி ஒரு கிராமத்து விலக்கில் கண்ணெதிரே நடந்ததை எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். அதற்கப்புறம் போலீஸ், கோர்ட் என்று என்ன ஆனது என்பதையும் சேர்த்து எழுதினால் எல்லோருக்கும் உதவும்.

டீ குடிக்க வண்டியை ஓரங்கட்டியிருந்தேன். எக்ஸ்எல்லில் புல்லுக்கட்டு வைத்திருந்த ஒரு பெரியவர், சென்டர் மீடியன் இடைவெளியில் வந்து நின்றார். பார்த்தார். மேலூர்ப் பக்கமிருந்து ஒரு வெள்ளைக் கார் வந்துகொண்டிருந்தது. இருநூறு மீட்டருக்குக் குறையாது. நானாக இருந்தாலும் அந்த நேரம் கடந்திருப்பேன். அவரும் கிளம்பினார். பாதி ரோடு வருவதற்குள் கார் வந்துவிட்டது. டிரைவர் ஒடித்துத் திருப்பியதில் கார் சுழன்று ஓரத் தடுப்பில் இடித்து நின்றது. எக்ஸ்எல்லின் பின்பக்கம் உரசியதோடு போயிற்று. பெரியவருக்கு முழங்கையிலும் முட்டியிலும் சிராய்ப்பு. புல் ரோடு முழுக்கச் சிதறிக் கிடந்தது.

காரிலிருந்து இறங்கிய பையன் கேட்ட முதல் கேள்வி, "பாத்து வரமாட்டியா பெருசு?" கூடி நின்றவர்களிலும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். எனக்கு மனம் ஆறவில்லை. அவர் பார்த்துத்தான் கடந்தார். 80-ல் வருகிற கார் இருநூறு மீட்டரைத் தாண்ட ஒன்பது விநாடி எடுக்கும். எக்ஸ்எல் ரோட்டைக் கடக்க அது தாராளம். 140-ல் வந்தால் ஐந்தே விநாடிதான். நேர் எதிரே வருகிற வண்டியின் வேகத்தை யாராலும் சரியாகக் கணிக்க முடியாது. தூரத்தை மட்டும் பார்த்து, மற்ற வண்டிகள் வருகிற வேகத்தை வைத்து மனசுக்குள் ஒரு கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கை அந்தப் பையன் உடைத்துவிட்டு, கணக்குப் போட்டவரைத் திட்டுகிறான்.

சட்டப்படி இதில் யார் மேல் தப்பு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டிங்கரிங் பட்டறை, காரைக்குடி:

அண்ணே, வண்டியிலிருந்து இறங்குகிற எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "பிரேக் பிடிக்கல." விபத்தில் ஆளுக்கு அடிபட்டு வழக்கானால் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைப் பார்ப்பார். பிரேக், ஸ்டியரிங், டயர் எல்லாம் சோதித்து, இயந்திரக் கோளாறால் விபத்து நடந்ததா இல்லையா என்று எழுதிக் கொடுப்பார். எனக்குத் தெரிந்த வழக்குகளில் 'கோளாறு இல்லை' என்றுதான் வந்திருக்கிறது. அந்த ஒரு வரி வந்த பிறகு பிரேக்கைச் சாக்குச் சொல்ல முடியாது. பிரேக் பிடிக்கத்தான் செய்தது, நிற்க ரோடு போதவில்லை.

கணக்கு இதுதான். 60-ல் போகும்போது ஆபத்தைக் கண்டு காலை பிரேக்கில் வைப்பதற்குள் 25 மீட்டர் போயிருக்கும். அப்புறம் நிற்க இன்னொரு 20. மொத்தம் 45 மீட்டர். 120-ல் கால் வைப்பதற்குள்ளேயே 50 மீட்டர். நிற்க இன்னும் 80. வேகம் இரட்டிப்பானால் பிரேக் தின்னும் தூரம் நாலு மடங்கு. இது காய்ந்த ரோட்டில், நல்ல டயரில். மழை பெய்த ரோட்டுக்கு இன்னும் அதிகம்.

டயர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 1817 என்றிருந்தால் 2017-ம் வருடம் 18-வது வாரம் செய்த டயர். சென்னையிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் ஊர் வீட்டில் ஒரு காரை மூடிப்போட்டு வைத்திருப்பார்கள். கல்யாணம், படைப்பு (குடும்பத்து முன்னோர் வழிபாடு) என்று வரும்போதுதான் எடுப்பார்கள். ஓட்டம் குறைவு என்பதால் டயரின் மேல்பட்டன் தேயாமல் புதுசாகத் தெரியும், ரப்பர் விறைத்துப் போயிருக்கும். அதில் காற்றும் பார்க்காமல் 120 போனால் வெடிக்க வெகுநேரம் ஆகாது.

இன்னொன்றும் பார்க்கிறேன். சீட் பெல்ட் போடாவிட்டால் கத்துகிற சத்தத்தை நிறுத்த வெறும் கிளிப்பை வாங்கிச் செருகி வைத்திருக்கிறார்கள். ஏர்பேக் பெல்ட்டோடு சேர்ந்து காப்பாற்றத்தான் செய்யப்பட்டது. பெல்ட் இல்லாமல் முன்னால் பாய்கிற ஆளை அந்தப் பையே காயப்படுத்தும். இடித்த வண்டியில் அந்தக் கிளிப்பைப் பிடுங்கி எடுக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

வக்கீல் குமாஸ்தா, தேவகோட்டை:

கோட்டையூர் அண்ணன் கேட்டதற்கு முதலில் பதில். குறுக்கே வந்தவர் மேலும் தவறு உண்டு என்று எதிர்த்தரப்பு வாதாடும். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அதை ஏற்றால், அவர் பங்குக்கு இத்தனை சதவீதம் என்று தொகையில் கழிக்கும். கிரிமினல் வழக்கில் அப்படிக் கழிவு கிடையாது. அடிபட்டவர் மேலும் தப்பு இருக்கிறது என்பதால் மட்டும் ஓட்டியவர் தப்ப முடியாது.

அதிவேகம் என்றால் ஆயிரம் ரூபாய் அபராதம், அவ்வளவுதான் என்றுதான் ஆபீசுக்கு வருகிறவர்கள் நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 183-வது பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு காருக்கு 1,000 முதல் 2,000 வரை, லாரி, பஸ்ஸுக்கு 2,000 முதல் 4,000 வரை. அது வேகத்துக்கு மட்டும். இரண்டாம் தடவை மாட்டினால் லைசென்ஸைப் பறிமுதல் செய்து ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பலாம். மூன்று மாதம் ஓட்டத் தடை வரும். பிறகும் தொடர்ந்தால் லைசென்ஸையே ரத்து செய்ய இடமிருக்கிறது. ஓட்டிய விதம் மற்றவர்களுக்கு ஆபத்து என்று 184 போட்டால் முதல் தடவையே ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 5,000 வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆள் இறந்துவிட்டால் கதையே வேறு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் அதிகபட்சம் இரண்டு வருடம் சிறை. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1)-ல் ஐந்து வருடம் வரை. அதற்கு மேலும் போகலாம். 2006-ல் மும்பை பாந்த்ராவில் நடைபாதையில் தூங்கிய ஏழு பேர் மேல் கார் ஏறி இறந்த வழக்கில், குடித்துவிட்டு அந்த வேகத்தில் ஓட்டினால் உயிர் போகும் என்று தெரிந்தே ஓட்டியிருக்கிறார் என்று சொல்லி, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கான தண்டனையை 2012-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

எங்கள் ஆபீசுக்கு வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். சிங்கப்பூரில் வேலை, லீவில் வந்தவர். ஊர் எல்லையில் சைக்கிளில் போனவர் மேல் வண்டி மோதி அவர் இறந்துவிட்டார். ஜாமீன் உடனே கிடைத்தது, வீட்டில் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்கு வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆள் வர வேண்டும், அல்லது மனுப் போட வேண்டும். பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போனபோது போலீஸ் விசாரணையில் 'வழக்கு நிலுவை' என்று வந்தது. கோர்ட்டில் அனுமதி வாங்கித்தான் மேலே நகர வேண்டும். அதற்குள் அங்கே வேலை போய்விட்டது. இறந்தவர் வீட்டிலும் போய்ப் பேசியிருக்கிறேன். அந்த வீட்டுப் பெண் நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டு, இழப்பீட்டு வழக்குக்கு ரேஷன் கார்டு நகல் எடுத்து வைத்திருந்தார். இரண்டு வீடும் ஒரே ஊராட்சி.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. தன் சொந்த அதிவேகத்தால் வண்டி கவிழ்ந்து ஓட்டியவரே இறந்தால், அவர் குடும்பம் காப்பீட்டு நிறுவனத்திடம் விபத்து இழப்பீடு கேட்க முடியாது என்ற கர்நாடக உயர் நீதிமன்றத் தீர்ப்பில் தலையிட 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. 2014-ல் நடந்த விபத்து அது. இவ்வளவு வருடம் நடத்தியும் குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை.

ஆக்டிங் டிரைவர், பள்ளத்தூர்:

பின் சீட்டில் இருப்பவர்களும் இதைப் படிக்க வேண்டும். "கொஞ்சம் மிதிப்பா, பிளைட்டுக்கு நேரமாச்சு" என்று கேட்காத சவாரி குறைவு. காரைக்குடியிலிருந்து திருச்சி ஏர்போர்ட் சுமார் 90 கிலோமீட்டர். 80-ல் போனால் 67 நிமிஷம், 110-ல் போனால் 49. இது காகிதக் கணக்கு. நடுவில் ஊர், வேகத்தடை, ஆடு, டவுன் பஸ் என்று எல்லாம் இருக்கிறது. மிச்சப்படுவது ஒரு டீ குடிக்கிற நேரம். அதை வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்துக்கொள்ளலாம்.

அபராதத்தை ஓனர் கட்டிவிடுவார். லைசென்ஸ் மூன்று மாதம் போனால் என் வீட்டு அடுப்புக்கு யார் பதில் சொல்வது? அதனால் இப்போது ஏறும்போதே சொல்லிவிடுகிறேன்: "அய்யா, போர்டில் என்ன போட்டிருக்கோ அதுதான் என் வேகம்." சிலர் முகம் சுளிப்பார்கள். வயசான ஆச்சிமார் கூட வந்தால் அவர்களே, "அப்பிடியே போப்பா, மெதுவாப் போ" என்பார்கள்.

நான்குவழிச் சாலையில் வெகுநேரம் 100, 110-ல் வந்துவிட்டு ஊருக்குள் இறங்கினால் 70 கூட நடப்பதுபோலத் தோன்றும். கண்ணுக்கு அந்த வேகம் பழகிவிடுகிறது. ஸ்பீடோமீட்டரைப் பார்த்துத்தான் குறைக்க வேண்டும், மனசை நம்பக் கூடாது. காரைக்குடிக்குள் நுழைகிற இடத்தில் நடக்கிற இடியெல்லாம் இதனால்தான் என்று நினைக்கிறேன். மஞ்சள் போர்டு வண்டிகளுக்கு 80-க்கு மேல் போகாமல் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி உண்டு. அதன் ஒயரைக் கழற்றிவிட்டு எஃப்.சி.க்கு (வண்டித் தகுதிச் சோதனைக்கு) மட்டும் மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிப்பட்ட வண்டியில் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.

பாதயாத்திரை அடியார், கண்டனூர்:

எல்லோரும் வண்டியில் இருந்து பேசுகிறீர்கள். நான் நடக்கிறவள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கும் கூட்டத்தில் வருகிறேன். வெயிலுக்குப் பயந்து இருட்டோடுதான் நடப்போம். ஓரத்து மண்ணில் நடங்களேன் என்று சொல்வார்கள். வெறுங்காலோடு அந்தச் சரளைக் கல்லில் நடந்து பாருங்கள். இரண்டாம் நாள் பாதம் கொப்பளித்த பிறகு ஓரத்து வெள்ளைக்கோடு ஒன்றுதான் வழவழப்பாக இருக்கும். அதனால்தான் கோட்டின் மேலேயே நடக்கிறோம்.

வேகமாக ஒரு கார் பக்கத்தில் போனால் அந்தக் காற்றே காவடியை ஒரு ஆட்டு ஆட்டும். தோளில் வைத்திருப்பவர் தடுமாறுவார். ஒரு வருடம் அதிகாலையில் அப்படிப் போன காரின் பக்கக் கண்ணாடி என் அத்தையின் முன்கையில் அடித்து எலும்பு முறிந்தது. கார் நிற்கவில்லை. எங்களோடு வந்த ஒரு பையன் கடைசி நாலு எண்ணைக் கவனித்துச் சொன்னான். உடனே 108-க்கும் 100-க்கும் போன் செய்தோம். அடுத்த ஊரில் போலீஸ் அந்தக் காரை நிறுத்திவிட்டது. கண்ணாடி உடைந்திருந்ததால் ஓட்டியவர் மறுக்க முடியவில்லை. அத்தையின் கைக்கு அரசு ஆஸ்பத்திரியில் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் பணம் கட்டாமல் சிகிச்சை கிடைத்தது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு அந்தத் திட்டம் உண்டு, 2021 டிசம்பரில் தொடங்கியது.

போலீஸ் கொடுக்கும் ஒளிரும் ஸ்டிக்கரைப் பையின் பின்புறம் ஒட்டிக்கொள்கிறோம். டிம் விளக்கில் உங்களுக்கு நாற்பது, ஐம்பது மீட்டர்தான் தெரியும் என்கிறார்கள். மேலே பட்டறைத் தம்பி எழுதிய கணக்கை அதோடு சேர்த்துப் பாருங்கள். நாங்கள் கண்ணில் படும்போது உங்களால் நிறுத்த முடியாது.

வக்கீல் குமாஸ்தா, தேவகோட்டை:

ஆச்சி, நிற்காமல் போனது தனிக் குற்றம். அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும் போலீசுக்குச் சொல்வதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவுப்படி ஓட்டுநரின் கடமை. செய்யாவிட்டால் 187-ல் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். கூட்டம் அடிக்கும் என்று பயந்தால் நேரே பக்கத்து ஸ்டேஷனில் போய்ச் சொல்லலாம். அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் பயப்பட வேண்டாம். 134-ஏ பிரிவு அவர்களைப் பாதுகாக்கிறது. பெயர், விலாசம் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது.

புதுவயல் அப்பா:

பையன் பிளஸ் டூ. டியூஷனுக்கு என் பைக்கை எடுத்துப் போகிறேன் என்று தினமும் சண்டை. கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் ஓட்டுகிறார்களாம். மாட்டினால் அவனுக்கா எனக்கா?

வக்கீல் குமாஸ்தா, தேவகோட்டை:

உங்களுக்குத்தான் முதலில். மோட்டார் வாகனச் சட்டத்தின் 199-ஏ பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பதினெட்டு ஆகாதவர் ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். வண்டிப் பதிவு ஒரு வருடம் ரத்து. பையனுக்கு 25 வயது ஆகும்வரை லைசென்ஸ் கிடையாது. கடைசியாகச் சொன்னதை அவனிடம் சொல்லுங்கள், அவன் வயசுக்கு அதுதான் உறைக்கும்.

கானாடுகாத்தான் வாசகர்:

எனக்கு நேற்று வேகம் மீறியதாக ஒரு மெசேஜ் வந்தது. அந்த நாளில் வண்டி ஷெட்டில்தான் இருந்தது. கட்டிவிடலாமா?

வக்கீல் குமாஸ்தா, தேவகோட்டை:

கட்டாதீர்கள். முதலில் அந்த மெசேஜில் உள்ள லிங்க்கைத் தொடாதீர்கள். செல்லான் (அபராத அறிவிப்பு) என்ற பெயரில் ஏபிகே ஃபைல், அதாவது போனில் ஆப்பை ஏற்றும் ஃபைல், அனுப்பி வங்கிக் கணக்கைச் சுரண்டும் மோசடி நடக்கிறது. அரசின் பரிவாஹன் தளத்தை நீங்களே திறந்து வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். உண்மையான செல்லான் என்றால் அங்கே இருக்கும். கேமரா பிடித்தது என்றால் படமும் நேரமும் இடமும் இருக்க வேண்டும், 15 நாளுக்குள் அறிவிப்பும் வந்திருக்க வேண்டும். படத்தில் இருப்பது உங்கள் வண்டி இல்லை என்றால் அந்தத் தளத்திலேயே புகார் கொடுங்கள், எண்ணைத் திருடி ஒட்டியிருக்கிறார்களோ என்று ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுங்கள். உங்கள் எண்ணில் வேறொருவன் 140-ல் போய்க்கொண்டிருந்தால், நாளைக்கு அவன் யாரையாவது இடிக்கும்போது போலீஸ் வந்து நிற்பது உங்கள் வாசலில்.