புதுப்பிப்பு: படம் மங்கலாக வருவது ஏன்?

50 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுக்க ஷட்டர் வேகம் (சென்சாரில் ஒளி விழும் நேரம்) 1/50 நொடி போதும் என்று இந்த இழையின் முதல் பதிவில் எழுதியிருந்தேன். அதில் ஒரு திருத்தம். அந்தக் கணக்கு ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு, அதாவது 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளதற்கு. அதைவிடச் சிறிய, 1.5 மடங்கு கிராப் சென்சார் என்றால் 50 × 1.5 = 75 என்பதால் 1/80 வையுங்கள்.

அதைவிட முக்கியமானது, இது கை நடுக்கத்துக்கு மட்டுமான கணக்கு. ஓடும் குழந்தைக்கு 1/250-க்குக் குறையவே கூடாது. லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசேஷன் உங்கள் கையின் அசைவைத்தான் ஈடுகட்டும், குழந்தையின் அசைவை அல்ல.

காரணத்தைக் கண்டுபிடிக்க, படத்தை 100 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை நடுங்கியிருக்கிறது. பின்னணி தெளிவாக இருந்து ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் ஆள் அசைந்திருக்கிறார். முகம் மங்கி, காதோ சட்டைக் காலரோ பளிச்சென்று இருந்தால் ஃபோகஸ் தவறிவிட்டது. புதியவர்கள் பலர் தடுமாறுவது இந்த மூன்றாவதில்தான். கிராப் சென்சாரில், 50 மி.மீ., எஃப் 1.8 (லென்ஸ் துளையின் அளவு; எண் சிறிதானால் துளை பெரிது), ஒரு மீட்டர் தூரம் என்றால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 3 செ.மீ. மட்டுமே. ஃபோகஸ் செய்த பிறகு உடலைச் சற்று முன்னே சாய்த்தாலே கண் அதிலிருந்து வெளியே போய்விடும். ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாறி, புள்ளியை அருகிலுள்ள கண்மீது வையுங்கள். துளையை எஃப் 4 வரை மூடினால் இன்னும் பாதுகாப்பு.

வெளிச்சம் குறையுமே என்றால் ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன் அளவு) ஏற்றுங்கள். 1/60-லிருந்து 1/250-க்குப் போக 800-ஐ 3200 ஆக்கினால் சரியாகிவிடும். புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலைப் பிறகு குறைக்கலாம். இழுபட்ட கண்ணை மீட்பது மிகக் கடினம்.