சார்னியாவிலிருந்து ஸ்காபரோவுக்கு வாராவாரம்: 402 ஹைவேல ஸ்னோ ஸ்குவால் (கண்ணை மறைக்கற திடீர் பனிப்பொழிவு) வந்தா என்ன செய்யணும்?

மதுரைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். ஏப்ரல்ல கனடா வந்தோம், இதுதான் முதல் குளிர்காலம். எனக்கு சார்னியாவுல ஒரு கெமிக்கல் பிளான்ட்ல வேலை. மனைவியும் ரெண்டு வயசுப் பொண்ணும் ஸ்காபரோவுல மச்சான் வீட்டுல இருக்காங்க. வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிஞ்சதும் 402 ஏறி, லண்டன்ல (இங்கிலாந்து இல்ல, இங்க ஒன்டாரியோவுல இருக்கற ஊர்) 401 ஹைவே பிடிச்சா கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். ஞாயித்துக்கிழமை ராத்திரி திரும்பணும்.

வண்டி பழைய எஸ்யூவி, ஆல் வீல் டிரைவ். ஆல் சீசன் டயர் இருக்கு. "இந்த வண்டிக்கு வின்டர் டயரே வேண்டாம்"னு வித்தவர் சொல்லிட்டார். கூட வேலை பாக்கறவங்க "402ல ஸ்குவால் அடிச்சா முன்னாடி போற லாரியே தெரியாது"ன்னு கிலி கிளப்புறாங்க. மதுரையில நமக்குப் பனின்னா மார்கழியில மப்ளர் சுத்தறது, அவ்வளவுதான்.

வின்டர் டயர் வாங்கியே ஆகணுமா? வண்டியில என்னென்ன வெச்சுக்கணும்? நடுவழியில மாட்டிக்கிட்டா என்ன பண்றது?

கிச்சனர் செந்தில்:
டயர் விஷயம் மட்டும் நான் சொல்றேன், நான் பாக்கறது அந்த வேலைதான். நாலு சக்கரமும் சுத்தறதால வண்டி கிளம்பும், ஏறும். நிக்கறதுக்கு அது உதவாது, நிறுத்தறது டயர் ரப்பர்தான். 7 டிகிரிக்குக் கீழ போனாலே ஆல் சீசன் ரப்பர் விறைச்சுப் பிடிப்பு குறைஞ்சுடும். மலை படத்துக்குள்ள பனித்துளி நட்சத்திரம் போட்ட முத்திரை இருக்கான்னு பாத்து வாங்குங்க, நாலும் ஒரே மாதிரி. தனி ரிம்மோட வாங்கிட்டா வருஷா வருஷம் மாத்தற செலவு குறையும். யூஸ்டு வாங்கினா பட்டன் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு அளந்து பாருங்க, 4 மி.மீ.க்குக் கீழன்னா வேண்டாம். கியூபெக்ல டிசம்பர் 1லேர்ந்து மார்ச் 15 வரைக்கும் வின்டர் டயர் கட்டாயம். ஒன்டாரியோவுல கட்டாயமில்ல. ஆனா 2016லேர்ந்து இன்சூரன்ஸ்ல தள்ளுபடி கொடுத்தாகணும்னு இருக்கு, கேட்டு வாங்குங்க.

ட்றக்கண்ணை:
தம்பி, நான் மொன்றியல், வின்ட்சர், சார்னியா எண்டு ட்றக் ஓடுறவன். செந்தில் சொன்ன மாதிரி ரயரை முதல்ல போடு. ஆனா 402ல பிரச்சினை வழுக்கிறதை விடக் கண் தெரியாமப் போறதுதான். அதுக்கு ரயர் ஒண்டும் செய்யாது.

ஹியூரன் ஏரித் தண்ணியில டிசம்பரிலயும் சூடு கிடக்கும். வடமேற்கால வாற குளிர் காத்து அந்த ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையில பட்டை பட்டையாக் கொட்டும். பட்டை அகலம் கொஞ்சந்தான், ஆனா ஒரே இடத்தில மணிக்கணக்கா நிக்கும். சார்னியாவில வெயில் எறிக்கும், வுட்ஸ்ரொக்கிலயும் வெயில் எறிக்கும், நடுவில ஸ்ராத்ரோய் பக்கம் பொனெற் நுனி தெரியாது. போய்க்கொண்டிருக்கேக்க றோட்டுக்குக் குறுக்கால சாம்பல் நிறத்தில ஒரு சுவர் நிக்கிறது தெரியும். அதுக்கு முதல் ஒரு எக்ஸிட் இருந்தா அதில இறங்கு. உள்ளுக்குப் போய்ப் பாப்பம் எண்டு நினைக்காதை.

2010 டிசம்பரில இதே 402லதான் முந்நூறு பேர் அளவில மாட்டுப்பட்டுக் கிடந்தவை. இராணுவ ஹெலிகொப்டர் வந்துதான் கொஞ்சப் பேரை ஏத்தினது. 2022 கிறிஸ்மஸுக்கு முதல் லண்டன், ரில்பரி பக்கம் 401லயும் வாகனங்கள் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு மோதி றோட்டையே பூட்டினவை. அதே புயல்ல அமெரிக்காவில பஃபலோவில காருக்குள்ளயே செத்த சனமும் இருக்கு.

அதால வெளிக்கிட முதல் வானிலை சொல்லுற என்வயர்மென்ற் கனடாவில ஸ்குவால் வோணிங் இருக்கோ எண்டு பார். பிறகு றோட்டு நிலவரம் சொல்லுற 511 ஒன்ராரியோவில 402 கமராப் படத்தைப் பார். வோணிங் இருந்தா வெள்ளி இரவு சார்னியாவிலயே படுத்திட்டு சனி விடியப் போ. மனிசி கோவிச்சாப் பரவாயில்லை.

உள்ளுக்கு அம்பிட்டா லைற்றைக் கையாலயே முழுசாப் போடு. கன கார்களில பகல் லைற் முன்னுக்கு மட்டும் எரியும், பின்னுக்கு இருட்டுத்தான். உன்ர முன் லைற்றைப் பாத்து எல்லாம் எரியுது எண்டு நீ நினைப்பாய், பின்னால வாற எனக்கு உன்னைத் தெரியாது. ஹைபீம் போடாதை, ஸ்னோவில பட்டு உன்ர கண்ணுக்கே திரும்பி வரும். குறூஸ் கொன்றோல் தொடாதை. மெல்ல மெல்ல வேகத்தைக் குறை, ஆனா லேனுக்குள்ள நிப்பாட்டாதை. நாற்பது தொன்னோட வாறவன் உன்னைக் கண்டாப் பிறகுதான் பிறேக் பிடிப்பான். நீல லைற் மின்னினா அது ஸ்னோவைத் தள்ளி உப்புப் போடுற ப்ளவ் வண்டி, பின்னால தள்ளி நிண்டு போ, முந்தாதை. உப்பும் -10க்குக் கீழ போனா வடிவா வேலை செய்யாது, அதை நம்பி ஓடாதை. பாலங்கள் முதல்ல உறையும்.

ஒவ்வொரு எக்ஸிட் நம்பரையும் கடக்கேக்க வாயால சொல்லிக்கொண்டு போ. ஒன்ராரியோவில அது கிலோமீற்றர் கணக்கு. அவசரத்துக்கு 911க்கு அடிச்சா அவையள் கேக்கிற முதல் கேள்வி எங்க நிக்கிறாய் எண்டதுதான். வெள்ளைக்குள்ள நிண்டுகொண்டு என்னத்தைச் சொல்லுவாய்?

மாட்டுப்பட்டா காரை விட்டு இறங்கி நடக்காதை. பத்தடி போனா கார் காணாமல் போகும். எக்சோஸ்ற் குழாயைச் சுத்தி இருக்கிற ஸ்னோவைக் கிண்டி எடுத்திட்டுத்தான் எஞ்சினைப் போட வேணும், அதுவும் மணித்தியாலத்துக்குப் பத்து நிமிசம் காணும். காத்து அடிக்காத பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வை. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை, நித்திரை வாற மாதிரித்தான் இருக்கும். ராங்கில எப்பவும் பாதிக்குக் குறையாமல் பெற்றோல் இருக்கட்டும்.

சாமான் எண்டா ஸ்னோ அள்ளச் சின்ன சவள், கம்பளி ரெண்டு, ரோச் லைற், ஜம்பர் கேபிள், -40 எண்டு போட்ட வொஷர் தண்ணி ஒரு கான், பூனைக்குப் போடுற மண் ஒரு பை. அந்த மண்ணைச் சுத்துற ரயருக்கு முன்னால கொட்டினாப் பிடிக்கும். சூட்டுக்கு வெறும் கோப்பி ரின்னுக்குள்ள ஒரு மெழுகுதிரியும் தீப்பெட்டியும். சவளை டிக்கியில வையாதை, பின் சீற்றில வை. டிக்கி உறைஞ்சு திறக்க ஏலாமல் நிண்ட ஆக்களைக் கண்டிருக்கிறன்.

மதுரைக்காரன்:
ரொம்ப நன்றிண்ணா, இவ்வளவு விவரமா யாரும் சொன்னதில்ல. ஒரு சந்தேகம். 402 மூடிட்டா போன் மேப் பக்கத்து ரோட்ல திருப்பி விடுதே, அதுல போகலாமா?

ட்றக்கண்ணை:
போகாதை. அது உன்னை லண்டன் லைன் எண்ட பக்கத்து றோட்டிலயோ அதுக்கும் உள்ளால வயல் றோட்டுகளிலயோ விடும். ரெண்டு பக்கமும் வெறும் வயல், மறைப்பில்லை, காத்து ஸ்னோவை அள்ளிக் கொண்டுவந்து றோட்டில குவிக்கும். ப்ளவும் அங்க கடைசியாத்தான் வரும். மேப்புக்கு றோட்டு திறந்திருக்கு எண்டு மட்டும்தான் தெரியும். பொலிஸ் மறிச்சு வைச்ச இடத்தைச் சுத்திப் போனாக் குற்றம், அதையும் சொல்லி வைக்கிறன்.

அஜாக்ஸ் அம்மா:
குழந்தை வர்ற நாள்ல ஒண்ணு கவனிங்க. பொம்முன்னு இருக்கற குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக் கார் சீட்ல பெல்ட் மாட்டாதீங்க. மோதற வேகத்துல அந்தப் பஞ்சு அமுங்கி பெல்ட் தொளதொளன்னு ஆயிடும், குழந்தை நழுவிடும். மெல்லிசு ஸ்வெட்டரோட பெல்ட்டை இறுக்கி, மேல ஜாக்கெட்டைத் திருப்பிப் போத்தி விடுங்க. கூடவே ரெண்டு நாளைக்கு டயப்பர், பிஸ்கெட் வண்டியிலயே இருக்கட்டும்.

மதுரைக்காரன்:
குறிச்சுக்கிட்டேன். வியாழக்கிழமை டயர் மாத்த நேரம் வாங்கியாச்சு. அண்ணா, மெழுகுவத்தி எந்த மாதிரி வாங்கணும்? வீட்டுல பூஜைக்கு வெச்ச கற்பூரம் ஒரு டப்பா இருக்கு, அது ஆகுமா?

ட்றக்கண்ணை:
ஐயோ, காருக்குள்ள கற்பூரம் கொளுத்திப் போடாதை! கட்டையான தடிச்ச மெழுகுதிரி, டொலர் கடையில இருக்கு. ரின்னை விடக் கட்டையா இருக்க வேணும். கொளுத்தினா அதுக்கும் கண்ணாடி கொஞ்சம் இறக்கித்தான் இருக்க வேணும்.