ஈஎஸ்ஏ-ல இருந்து யூனிவர்சல் கிரெடிட்டுக்கு மாறச் சொல்லி அண்ணாவுக்கு லெட்டர், காசு குறையுமோ?

வடலி:
எல்லாருக்கும் வணக்கம். நான் இதில எழுதுறது குறைவு, வாசிக்கிறதோட சரி, இப்ப ஒரு விஷயம் ரெண்டு நாளா நித்திரை இல்லாமப் பண்ணுது அதுதான் கேக்கிறன். என்ர அண்ணாவுக்கு 52 வயசு, லண்டனில கவுன்சில் பிளாட் ஒண்டில தனிய இருக்கிறார், மனநிலைப் பிரச்சினை கன வருஷமா இருக்கு, வேலை செய்யேலாது. வருமானம் பாத்துக் குடுக்கிற ஈஎஸ்ஏ (வருத்தத்தால வேலை செய்யேலாத ஆக்களுக்கு அரசாங்கம் குடுக்கிற காசு) எடுக்கிறார், சப்போர்ட் குரூப், அதாவது வேலை தேடச் சொல்லாத பிரிவு. அதோட பிப்-உம் (நீண்டகால வருத்தம், ஊனம் இருக்கிற ஆக்களுக்கான காசு) இருக்கு, அதில டெய்லி லிவிங் எண்டுற அன்றாட வேலைக்கு உதவி வேணுமெண்டா வாற பகுதி. வாடகைக்கு ஹவுசிங் பெனிபிட். இப்ப 2025 ஒக்டோபர் தொடக்கத்தில மைகிரேஷன் நோட்டிஸ் எண்டு ஒரு லெட்டர் வந்திருக்கு, 2026 ஜனவரி 5-க்குள்ள யூனிவர்சல் கிரெடிட்டுக்கு (பழைய உதவிக்காசுகளுக்குப் பதிலா வாற ஒரே காசு) விண்ணப்பிக்கோணுமாம், இல்லாட்டி இப்ப வாற காசு நிண்டிடுமாம். அண்ணா லெட்டரைப் பாத்திட்டு என்ர பிப்-ஐயும் வெட்டப் போறாங்கள் எண்டு அழத் தொடங்கீட்டார். எனக்கே வடிவா விளங்கேல்லை, அவருக்கு என்னெண்டு விளங்கப்படுத்திறது? ரான்சிஷனல் புரொடெக்ஷன் எண்டு ஒண்டு இருக்கெண்டு லெட்டரில கிடக்கு, அது என்ன, எவ்வளவு, எவ்வளவு காலத்துக்கு? நடுவில காசு வராத இடைவெளி இருக்கோ? திரும்ப டொக்டர் டெஸ்ட் எல்லாம் வைப்பினமோ? தெரிஞ்ச ஆக்கள் தயவு செய்து சொல்லுங்கோ.

ஈஸ்ட்ஹாம் மாமி:
தங்கச்சி முதல்ல அண்ணாவுக்குச் சொல்லுங்கோ, பிப்-க்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பிப் அப்பிடியே வரும், அதை யூனிவர்சல் கிரெடிட்டில வருமானமா எடுக்கவும் மாட்டினம். நான் இந்த வருஷம் தொடக்கத்திலதான் மாறினனான், நானும் சப்போர்ட் குரூப்தான், அவரை மாதிரித்தான் பயந்தனான்.

டெஸ்ட் விஷயம். ஏற்கனவே சப்போர்ட் குரூப்பில இருக்கிற ஆக்களுக்குத் திரும்ப புதுசா டெஸ்ட் இல்லாமலே முதல் மாசத்தில இருந்தே வருத்தத்துக்கெண்டு மேலதிகமா தாற அந்த ஹெல்த் பகுதி சேரும், மூண்டு மாசம் பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, டொக்டரிட்ட புதுசா சிக் நோட் வாங்கவும் தேவையில்லை. ஆனா விண்ணப்பம் நிரப்பேக்க உங்களுக்கு வருத்தம் இருக்கோ எண்டு கேக்கிற இடத்தில ஓம் எண்டு கட்டாயம் போடுங்கோ. அதோட ஜேர்னல் எண்டு ஒண்டு இருக்கும் அந்த ஒன்லைன் அக்கவுண்டுக்குள்ள, அதில முதல் நாளே "நான் ஈஎஸ்ஏ சப்போர்ட் குரூப்பில இருந்து மைகிரேஷன் நோட்டிசோட வாறன்" எண்டு எழுதிப் போடுங்கோ. எழுத்தில இருந்தா பிறகு காட்டலாம், போனில கதைச்சதைக் காட்டேலாது. நீங்கள் அண்ணாவுக்காகக் கதைக்கிறதெண்டா அவர் ஜேர்னலில இன்னார் எனக்காக இன்ன விஷயம் கதைக்கலாம் எண்டு சம்மதம் எழுதோணும். ஒன்லைன் சரிவராட்டி போனிலயும் விண்ணப்பிக்கலாம், தமிழ் இன்ரர்பிரிட்டர் வேணுமெண்டும் கேக்கலாம், கேக்கிறதுக்கு வெக்கப்பட வேண்டாம், நான் கேட்டுத்தான் செய்தனான். சிட்டிசன்ஸ் அட்வைஸ்ல ஹெல்ப் டு கிளெய்ம் எண்டு இலவசமா உதவுவினம்.

கணக்கன்:
மாமி சொன்னதெல்லாம் சரி. நான் காசுக் கணக்கைச் சொல்லுறன், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில சனிக்கிழமையில கன பேருக்கு இதைப் போட்டுக் காட்டியிருக்கிறன். வடலி, அண்ணா தனிய இருக்கிறார், பிப் டெய்லி லிவிங் எடுக்கிறார், அவரைப் பாக்கிறதெண்டு ஒருத்தரும் கேரர்ஸ் அலவன்ஸ் (பராமரிக்கிற ஆளுக்குக் குடுக்கிற காசு) எடுக்கேல்லை எண்டா அவருக்கு ஈஎஸ்ஏ-க்குள்ள சிவியர் டிசெபிலிட்டி பிரிமியம் எண்டு மேலதிகக் காசு ஒண்டு வருகுதோ எண்டு பாருங்கோ. முக்கியமான இடம் அதுதான், ஏனெண்டா யூனிவர்சல் கிரெடிட்டில அந்த பிரிமியமே இல்லை.

2025-26 கணக்குப்படி கிழமைக்கு: அடிப்படை 92.05 பவுண்ஸ், சப்போர்ட் பகுதி 48.50, சிவியர் பிரிமியம் 82.90, என்ஹான்ஸ்ட் பிரிமியம் 21.20. கூட்டினா 244.65. அதை 52-ஆல பெருக்கி 12-ஆல பிரிச்சா மாசத்துக்கு 1060.15 பவுண்ஸ். இனி யூனிவர்சல் கிரெடிட்: 25 வயசுக்கு மேல தனி ஆளுக்கு 400.14, ஹெல்த் பகுதி 423.27, மொத்தம் 823.41. வித்தியாசம் 236.74 பவுண்ஸ். வாடகை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எண்டு வச்சா இந்த 236.74-தான் ரான்சிஷனல் எலிமெண்ட் எண்டு மேலதிகமா சேர்த்துத் தருவினம், அப்ப மாறின நாளில அவருக்கு மொத்தத்தில குறையாது.

ஆனா இது வளராத காசு, தேயிற காசு. கன பேர் இந்த இடத்திலதான் பிழைவிடுகினம். யூனிவர்சல் கிரெடிட்டில வேற எந்தப் பகுதி கூடினாலும் (பிள்ளை பராமரிப்புச் செலவுப் பகுதியைத் தவிர) அவ்வளவும் இதில இருந்து கழிப்பினம். ஏப்ரலில அடிப்படைக் காசு 20 பவுண்ஸ் கூடினா ரான்சிஷனல் எலிமெண்ட் 20 குறையும், கையில வாறது அதேதான். வாடகையிலதான் உண்மையா நோகும். கவுன்சில் வாடகை மாசம் 25 பவுண்ஸ் கூட்டினா வாடகைப் பகுதியும் 25 கூடும், உடனே இதில 25 குறையும், ஆனா கவுன்சிலுக்கு அவர் கட்டவேண்டியது கூடிட்டுது, அப்ப அந்த 25-ம் அவற்ற சாப்பாட்டுக் காசில இருந்துதான் போகும். இதை முதலே தெரிஞ்சு வச்சிருந்தா ஏப்ரலில அதிர்ச்சி இல்லை. அதோட அவர் ஆரோடையும் சேந்து வாழத் தொடங்கினா, சோடியா விண்ணப்பிக்கோணும் எண்டு வந்தா, இந்தக் காசு முழுக்க நிண்டிடும்.

இடைவெளி கேட்டனீங்கள். விண்ணப்பிச்ச பிறகு ரெண்டு கிழமைக்கு ஈஎஸ்ஏ-யும் ஹவுசிங் பெனிபிட்டும் தொடர்ந்து வரும், ரன்-ஒன் எண்டு சொல்லுறது. அது கடன் இல்லை, திருப்பிக் கட்டத் தேவையில்லை. முதல் யூனிவர்சல் கிரெடிட் வர அஞ்சு கிழமை. ஒக்டோபர் 20 விண்ணப்பிச்சா மாசக் கணக்கு நவம்பர் 19 முடியும், காசு நவம்பர் 26 வரும். நடுவில தட்டுப்பாடெண்டா அட்வான்ஸ் கேக்கலாம், ஆனா அது கடன், மாசாமாசம் கழிப்பினம், 24 மாசம் வரைக்கும் இழுத்துக் கட்டலாம். ரெண்டையும் போட்டுக் குழப்பாதேங்கோ.

தனிமரம்:
நான் என்ர கதையைச் சொல்லுறன், வேற ஒருத்தருக்கும் நடக்கக்கூடாது எண்டுதான். எனக்கும் இந்த லெட்டர் வந்தது. அந்த நேரம் நான் கடிதம் ஒண்டும் திறக்கிற நிலைமையில இருக்கேல்லை, பிரவுண் என்வலப் எண்டாலே நெஞ்சு படபடக்கும், லாச்சிக்குள்ள போட்டு மூடினதுதான். திகதி போச்சு, ஈஎஸ்ஏ நிண்டது, அதுக்குப் பிறகும் ஒரு மாசத்துக்கு மேல போய்த்தான் தங்கச்சி வந்து பாத்தவ. திகதிக்குப் பிறகு ஒரு மாசத்துக்குள்ள விண்ணப்பிச்சிருந்தாக் கூட அந்தப் பாதுகாப்பு கிடைச்சிருக்கும், அதையும் தாண்டினபடியா எனக்கு ரான்சிஷனல் காசு ஒரு பென்னியும் இல்லை. நான் இப்ப கணக்கன் சொன்ன அந்த 823 மாதிரித்தான் வாடகைக்கு மேல எடுக்கிறன், மற்றது போனது போனதுதான். வருத்தமா இருக்கிற ஆக்களின்ர லெட்டரை வீட்டில இருக்கிறவை போய்த் திறந்து பாருங்கோ. திகதிக்குள்ள ஏலாதெண்டா திகதி வாறதுக்கு முதலே அந்த மைகிரேஷன் ஹெல்ப்லைனுக்கு அடிச்சு நீட்டித் தரச்சொல்லிக் கேக்கலாம் எண்டும் எனக்குப் பிறகுதான் தெரியும்.

வடலி:
எல்லாருக்கும் கோடி நன்றி. தனிமரம் அண்ணை, வாசிக்க மனசு கேக்கேல்லை, எழுதினதுக்கு நன்றி. பழைய ஈஎஸ்ஏ லெட்டரைத் தேடி எடுத்தனான், சிவியர் டிசெபிலிட்டி பிரிமியம் எண்டு அதில இருக்கு. கணக்கன் அண்ணை, இன்னும் ஒண்டு. நான் கிழமைக்கு நாலைஞ்சு நாள் போய் சமைச்சு, மருந்து குடுத்து, உடுப்புத் தோச்சு எல்லாம் செய்யிறனான், 35 மணித்தியாலத்துக்குக் குறையாது. கேரர்ஸ் அலவன்ஸ் போடச்சொல்லி ஒருத்தர் சொன்னவ, இப்பவே போடட்டோ?

கணக்கன்:
பிள்ளை இப்ப போடாதேங்கோ!! உங்களுக்கு கேரர்ஸ் அலவன்ஸ் (2025-26-ல கிழமைக்கு 83.30) வரத்தொடங்கினா அண்ணாவின்ர சிவியர் பிரிமியம் 82.90 நிண்டிடும். இப்ப அது நிண்டா மாறிற நாளில ஒப்பிடுற கணக்கிலயும் அது இராது, ரான்சிஷனல் எலிமெண்டே முழுக்க இல்லாமப் போயிடும். அவர் யூனிவர்சல் கிரெடிட்டுக்கு மாறி, ஸ்ரேட்மெண்டில அந்த ரான்சிஷனல் காசு பதிவாகி வந்தாப் பிறகு நீங்கள் போடலாம், அப்ப அவருக்கு வெட்டு விழாது, ஏனெண்டா அங்க பிரிமியம் எண்டு ஒண்டு இல்லையே. நீங்கள் வேலை செய்யிறனீங்களெண்டா வரி எல்லாம் கழிச்சு கிழமைக்கு 196 பவுண்சுக்கு (2025-26 கணக்கு) மேல போகக்கூடாது, அதையும் பாருங்கோ. ஒழுங்கு மாறினாத்தான் பிரச்சினை.

முதல் ஸ்ரேட்மெண்ட் வந்த உடன திறந்து, அடிப்படை, ஹெல்த் பகுதி, வாடகை, ரான்சிஷனல் எண்டு நாலு வரியும் நிக்குதோ எண்டு பாருங்கோ. ஏதும் ஒண்டு இல்லாட்டி அண்டைக்கே ஜேர்னலில எழுதுங்கோ, சரிவராட்டி ஒரு மாசத்துக்குள்ள மேண்டேட்டரி ரிகன்சிடரேஷன் (முடிவைத் திரும்பப் பாக்கச்சொல்லிறது) கேக்கோணும். பழைய ஈஎஸ்ஏ லெட்டரை எறிஞ்சிடாதேங்கோ, அதுதான் ஆதாரம்.

ஈஸ்ட்ஹாம் மாமி:
இன்னும் ரெண்டு சொல்ல மறந்திட்டன். கவுன்சில் டாக்ஸ் குறைப்பு யூனிவர்சல் கிரெடிட்டுக்குள்ள இல்லை, கவுன்சிலுக்கு நீங்கள் தனிய அறிவிக்கோணும், இல்லாட்டி பில் முழுசா வந்து நிக்கும். மற்றது வாடகைக் காசு இனி நேர அண்ணாவின்ர கைக்குத்தான் வரும். அவர் அதைப் பிரிச்சுக் கட்டுவார் எண்டு நம்பிக்கை இல்லாட்டி நேர கவுன்சிலுக்கே கட்டச்சொல்லிக் கேக்கலாம். மாசத்தில ஒருக்கா வாற காசு கஷ்டமெண்டா ரெண்டு தரமாப் பிரிச்சுத் தரச்சொல்லியும் கேக்கலாம், மனநிலைப் பிரச்சினை இருக்கிற ஆக்களுக்கு அது நல்ல உதவி. மருந்துக்கடையில இனி பின்பக்கம் ஈஎஸ்ஏ-க்கு டிக் போடாதேங்கோ, யூனிவர்சல் கிரெடிட் பெட்டிக்குப் போடுங்கோ.

வடலி:
சரி மாமி. இந்தச் சனிக்கிழமை அண்ணா வீட்ட போறன், பழைய பேப்பர் எல்லாம் ஒரு பைலில போட்டாச்சு. பிப் வெட்டுப்படாது எண்டு போனில சொன்னனான், ரெண்டு தரம் திருப்பிக் கேட்டவர், பிறகு சாப்பிட்டவராம். திங்கக்கிழமை ரெண்டு பேருமா இருந்து விண்ணப்பத்தைத் தொடங்கப் போறம், முதல் ஸ்ரேட்மெண்ட் வந்த உடன இதிலயே வந்து நாலு வரியும் எழுதிறன்.