"நீர் என்னை நெருக்கி": கடவுளுக்கு நம்மை முழுக்கத் தெரியும் என்பது ஆறுதலா, பயமா?

ஆற்றுப்பாலம் (குழித்துறை)

போன ஞாயிறு ஆராதனையில் சங்கீதம் 139 வாசித்தார்கள். "கர்த்தாவே, நீர் என்னை ஆராய்ந்து, அறிந்திருக்கிறீர்" என்று தொடங்குகிற சங்கீதம். பக்கத்து வரிசை அம்மாமார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மூச்சு முட்டியது. ஐந்தாம் வசனத்தில் "முற்புறத்திலும் பிற்புறத்திலும் நீர் என்னை நெருக்கி" என்று வருகிறதே, அந்த "நெருக்கி"யைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் கல்லூரி விட்டு வரும்போது பஸ் ஸ்டாப்பில் கூடப் படிக்கிற பையனிடம் பத்து நிமிஷம் பேசினேன். ப்ராஜெக்ட் விஷயம். நான் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எங்கள் ஊரில் ஒருத்தியைப் பற்றித் தெரிந்திருப்பது என்றால் இதுதான். இதையே மேலேயிருந்து ஒருவர் ராப்பகலாகச் செய்கிறார் என்றால் அதை அன்பு என்று எப்படி எடுத்துக்கொள்வது? சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிய வேண்டும்.

ரப்பர்பால் (அருமனை)

மக்களே, நான் அதிகம் படித்தவனில்லை, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். விடியற்காலை மூன்றரை மணிக்குத் தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு இறங்கினால் முந்நூறு மரம். எந்த மரத்துக்குப் பட்டை மெலிசு, எது மழைக்கு அப்புறம் கூடுதல் பால் தரும், எது போன வருஷம் காயப்பட்டது என்று என் விரலுக்குத் தெரியும். கத்தி ஒரு நூல் ஆழமாகப் போனால் மரத்தில் காயம் விழுந்துவிடும். அதனால் ஒவ்வொரு மரத்துக்கும் கை தனித்தனியாக அடங்க வேண்டும்.

ஊர் உன்னைப் பார்த்தது, அவ்வளவுதான். பத்து நிமிஷம் நின்றாய் என்று தெரிந்தவனுக்கு, நீ என்ன பேசினாய் என்று தெரியுமா? பாதி தெரிந்தவன் வாய்தான் நீளும். நாத்தான்வேல் அத்திமரத்தின் கீழே இருந்ததை இயேசு பார்த்தாரே, பார்த்துவிட்டு என்ன சொன்னார்? "கபடற்ற உத்தம இஸ்ரவேலன்" என்று நல்ல வார்த்தை சொன்னார். மரத்தடியில் ஒருவன் தனியாக இருந்ததைப் பார்த்து நம் ஊர் நல்ல வார்த்தை சொல்லுமா?

செக்போஸ்ட் (களியக்காவிளை)

அண்ணாச்சி, நீங்கள் மரத்தை அவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்து வைத்திருப்பது எதற்கு? வெட்டத்தானே? பால் குறைந்தால் முதலாளி கடும்வெட்டு வெட்டச் சொல்வார், அப்புறம் அடியோடு சாய்த்து விறகுக்குக் கொடுப்பார். அந்த மரத்திடம் கேட்டால் "என்னை அறிந்தவர் வருகிறார்" என்று சந்தோஷப்படுமா?

நானும் சண்டே ஸ்கூலில் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கியவன்தான். இப்போது நம்பிக்கை இல்லை, கேலியும் இல்லை. எனக்கு உள்ளது ஒரே கேள்வி. மத்தேயு 10-ல், அடைக்கலான் குருவி ஒன்றுகூடப் பிதாவை விட்டுத் தரையில் விழாது, உங்கள் தலைமயிரெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது என்று இருக்கிறது. சரி. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பத்தே முக்கால் வாக்கில் மூணாறு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மேல், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள் மேல் விழுந்தது. 70 பேர் போனார்கள், பெரும்பாலும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். கரண்ட் இல்லை, போன் இல்லை. வெளியுலகத்துக்கு மறுநாள் காலையில்தான் தெரியும். கடவுளுக்கு அந்த ராத்திரியே தெரியும் என்கிறீர்கள். தெரிந்து என்ன பயன்? யாருக்குப் பயன்?

பாறசாலை விசுவாசி

பிரதர், நீங்களெல்லாம் இதை எளிதாக எடுத்துக்கொள்கிறீர்கள். தேவன் எல்லாரையும் ஒரே மாதிரி அறிந்திருக்கிறார் என்று வேதம் சொல்லவில்லை. மத்தேயு 7:23, "நான் ஒருக்காலும் உங்களை அறியவில்லை" என்று ஆண்டவரே சொல்வார். ஆமோஸ் 3:2-ல், பூமியின் வம்சங்களுக்குள் உங்களை மாத்திரம் அறிந்துகொண்டேன், ஆகையால் உங்கள் அக்கிரமங்களை விசாரிப்பேன் என்கிறார். அறிந்திருக்கிறார், அதனால்தான் விசாரிக்கிறார். சிஸ்டருக்கு அன்று வந்த மூச்சுமுட்டலை மருந்து போட்டு ஆற்ற வேண்டாம். தேவ பயம் அப்படித்தான் தொடங்கும். நான் குடியிலிருந்து வெளியே வந்தது, யாரோ பார்க்கிறார் என்கிற பயத்தால்தான்.

மலைநாட்டுக்காரி (மூணாறு)

செக்போஸ்ட் தம்பி, பெட்டிமுடி என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் அம்மாவோடு கொழுந்து எடுத்தவர்கள் அந்த மண்ணுக்குள் போனார்கள். கோபமில்லை, கேட்க வேண்டிய கேள்விதான். ஏன் நடந்தது என்பதற்கு என்னிடம் பதில் கிடையாது. அது தேவ சித்தம் என்று எங்களிடம் வந்து சொன்ன ஒருவரை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறேன்.

ஆனால் தெரிந்து என்ன பயன் என்று கேட்டீர்களே, அதற்கு எனக்குச் சொல்ல இருக்கிறது. 66 பேருடைய உடல் கிடைத்தது. நாள்கணக்கில் ஆற்றோரமெல்லாம் தேடியும் 4 பேர் கிடைக்கவில்லை. அந்த நான்கு பேர் எங்கே இருக்கிறார்கள் என்று மனுஷர் யாருக்கும் தெரியாது. ஒருவருக்காவது தெரியும் என்று நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கை இல்லாமல் என்னால் பெட்டிமுடி இருக்கிற ராஜமலைப் பக்கம் போகவே முடியாது. லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கல்லறைக்குப் போகிற வழியில் அழுதார். எல்லாம் தெரிந்தவர் ஏன் அழ வேண்டும்? இதுவும் எனக்கு விளங்காததுதான், ஆனாலும் இதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

இன்னொன்று. தோட்டத்தில் "பேர்" என்றால் என்ன தெரியுமா? ஒரு நாள் கூலி. காலையில் செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில் பேர் போடுவார்கள். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். மழையில் சறுக்கி விழுந்து கூடை கொட்டிப்போன ஒரு நாள் அம்மா வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு எனக்கு அரைப்பேர்" என்றாள். நான் அப்போது நாலாம் வகுப்பு. ஒரு ஆளுக்கு எப்படிப் பாதிப் பேர் இருக்கும் என்று கேட்டேன். அம்மா ஈரச் சாக்கை அவிழ்த்துக்கொண்டே, "இங்க அப்படித்தான், சாமிகிட்ட முழுப்பேர்" என்றாள். ஏசாயா 43-ல் "உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன், நீ என்னுடையவன்" என்று எப்போது கேட்டாலும் எனக்கு அந்தச் சாக்குதான் கண் முன்னால் வரும்.

தங்கச்சி, நீ ஆகாரின் கதையை வாசி. ஆதியாகமம் 16. ஆபிராமும் சாராயும் பேசுகிற இடமெல்லாம் அவள் வெறும் "அடிமைப்பெண்". அவளை நோக்கி "ஆகாரே" என்று முதலில் கூப்பிடுவது தேவதூதன்தான், அதுவும் வனாந்தரத்தில். அங்கேதான் அவள் "நீர் என்னைக் காண்கிற தேவன்" என்கிறாள். நீ பார்க்கப்பட்டதில் கூசுகிறாய், அவள் பார்க்கப்பட்டதில் உயிர் பிழைத்தாள்.

செக்போஸ்ட் (களியக்காவிளை)

அக்கா, மன்னித்துக்கொள்ளுங்கள். செய்தியில் படித்ததை வைத்து எழுதினேன், அங்கே ஆள் இருப்பார்கள் என்று நினைக்காமல் எழுதிவிட்டேன்.

ஆனால் ஆகார் கதையில் அடுத்ததையும் சொல்ல வேண்டும். பேர் சொல்லிக் கூப்பிட்ட அதே தூதன், ஒன்பதாம் வசனத்தில், உன் நாச்சியாரிடம் திரும்பிப் போய் அவள் கையின்கீழ் அடங்கியிரு என்கிறான். கடினமாக நடத்தியதால் ஓடி வந்தவளை அதே வீட்டுக்கு அனுப்புகிறான். பேர் தெரிந்து வைத்துக்கொண்டு திருப்பி அனுப்புவதை நம் எல்லையில் போலீஸ்காரரே செய்வார். பாறசாலை பிரதருக்கும் ஒன்று: நீங்கள் எடுத்த மத்தேயு 7-ல், "அறியவில்லை" என்ற பதில் யாருக்கு? 22-ஆம் வசனத்தைப் பாருங்கள். தீர்க்கதரிசனம் சொன்னோம், பிசாசு துரத்தினோம், அற்புதம் செய்தோம் என்று பட்டியலோடு வந்து நிற்பவர்களுக்கு. பஸ் ஸ்டாப்பில் பேசிய பெண்ணுக்கு அல்ல.

பாறசாலை விசுவாசி

22-ஆம் வசனம் சரிதான் பிரதர். அது எங்களைப் போல மேடையில் நிற்பவர்களைத்தான் முதலில் குத்துகிறது. ஆனாலும் அறிவதும் தள்ளுவதும் ஒரே வாயிலிருந்து வருகிறது என்பதை மறைத்துப் பிரசங்கம் பண்ணக்கூடாது என்பேன். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மலைநாட்டுக்காரி (மூணாறு)

தம்பி, அந்த ஒன்பதாம் வசனம் எனக்கும் முள்தான். வேலைக்குப் போன வீட்டில் அடி வாங்கிய பெண்ணிடம் அதை எடுத்துச் சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 21-ஆம் அதிகாரத்தில் அவளைப் பிள்ளையோடு துரத்திவிடுகிறார்கள். துருத்தியில் தண்ணீர் தீர்ந்து, பிள்ளை சாவதைப் பார்க்க மாட்டேன் என்று தூரமாய்ப் போய் உட்கார்ந்து அழுகிறாள். அப்போது தேவன் திரும்பிப் போ என்று சொல்லவில்லை. அவள் கண்ணைத் திறக்கிறார், தண்ணீர்த் துரவு தெரிகிறது. அவள் போய் யாருக்கும் அடங்காமல் வாழ்கிறாள். முதல் தடவை ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். கேட்பதற்கு இடம் இருக்கிறது.

சவேரியார் கோயில் தெரு (கோட்டாறு)

ஒரு சின்ன விஷயம். எங்கள் கோயிலில் அடக்கமாகியிருக்கும் தேவசகாயம், நட்டாலத்தில் பிறந்தவர். 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபோது லாசர் என்ற பேர், தமிழில் தேவசகாயம். 1752-ல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவித்தபோது பேருக்குப் பின்னால் இருந்த "பிள்ளை" என்ற சாதிப் பட்டம் இல்லை. வெறும் தேவசகாயம். ஊர் நம்மை எந்த வாலோடு தெரிந்து வைத்திருக்கிறதோ, அந்த வால் இல்லாமலும் நம்மைத் தெரிந்த ஒருவர் உண்டு என்றுதான் அந்தக் கல்லறைக்கு முன்னால் நிற்கும்போது எனக்குத் தோன்றும்.

ரப்பர்பால் (அருமனை)

செக்போஸ்ட் தம்பி, நீ மரத்தைப் பற்றிக் கேட்டது ராத்திரி முழுக்க என்னைத் தூங்க விடவில்லை. நீ சொன்னது சரி. நான் அறிவது வெட்டத்தான். இன்று காலையில் முதல் மரத்தில் கத்தியை வைக்கும்போதே கை ஒரு நொடி நின்றது. பால் சிரட்டையில் சொட்டுகிற சத்தம், வேறு சத்தமே இல்லை.

எட்டு மணிக்குப் பால் எடுத்து முடித்து உட்கார்ந்தபோதுதான் ஏசாயா 49 ஞாபகம் வந்தது. "இதோ, என் உள்ளங்கைகளில் உன்னை வரைந்திருக்கிறேன்." வரைந்திருக்கிறேன் என்று நம் பைபிளில் இருக்கிறது. எபிரெயத்தில் அது செதுக்குகிற, வெட்டிப் பதிக்கிற சொல் என்று எங்கள் பழைய போதகர் சொல்லித் தந்தார். அப்படியென்றால் இங்கே வெட்டு யார் மேல் விழுகிறது? நான் மரத்தை அறிய மரத்தின் மேல் கத்தி வைக்கிறேன். அவர் உன்னை அறிந்ததற்குத் தன் கையில் வெட்டு வாங்கியிருக்கிறார். எங்களுக்கு அந்தக் கை சிலுவையில் ஆணியடித்த கை. உயிர்த்தெழுந்த பிறகும் தோமாவுக்குக் காட்டினாரே, காயம் ஆறாமல்தானே இருந்தது. என் மர உதாரணத்தை நான் வாபஸ் வாங்குகிறேன். இதை வாங்க மாட்டேன்.

செக்போஸ்ட் (களியக்காவிளை)

அண்ணாச்சி, இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. காயப்பட்ட கடவுள் என்பது நான் விட்டுவந்ததிலேயே விட மனம் வராத ஒன்று. ஆனாலும் பெட்டிமுடியை நான் விடவில்லை. காயம் பட்ட கை ஏன் அந்த மலையைத் தாங்கவில்லை என்று கேட்டுக்கொண்டே இருப்பேன்.

தங்கச்சிக்கு ஒன்று. யாராவது உன்னைப் பயப்படுத்தினால் யோபு 7-ஐக் காட்டு. நான் எச்சிலை விழுங்குகிற நேரமாவது என்னை விட மாட்டீரா என்று யோபு கடவுளிடமே கேட்கிறான். அதைக் கேட்டதற்காக அவனைப் புத்தகத்திலிருந்து வெளியே தள்ளவில்லை. நம்பிக்கை இல்லாத நான் சொல்கிறேன், நீ கேட்டது பாவமில்லை.

ஆற்றுப்பாலம் (குழித்துறை)

எல்லாருக்கும் நன்றி. யோபு 7 வாசித்தேன். அப்புறம் 139-ஐயும் முழுக்க வாசித்தேன். ஆராதனையில் 18-ஆம் வசனத்தோடு நிறுத்திவிட்டார்கள், எனக்கு அது அன்று தெரியவில்லை. 19 முதல் 22 வரை ஒரே கோபம். துன்மார்க்கனை அழித்துவிடும், அவர்களை முழுப்பகையாய்ப் பகைக்கிறேன் என்கிறான். யாரிடமும் காட்ட முடியாததையெல்லாம் அங்கே கொட்டுகிறான். கொட்டிவிட்டு 23-ல் "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்று கேட்கிறான். முதல் வசனத்திலேயே ஆராய்ந்து அறிந்திருக்கிறீர் என்றவன் கடைசியில் ஏன் மறுபடி கேட்கிறான்? ரொம்ப நேரம் அதிலேயே இருந்தேன். அவன் உள்ளேயிருந்து கதவைத் திறந்துவிடுகிறான் என்று நினைக்கிறேன். பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்தவர்கள் யாரும் என்னிடம் தட்டிக் கேட்டதில்லை.

"நெருக்கி" இன்னும் நெருக்கித்தான் இருக்கிறது. ஆனால் நேற்றுச் சாயந்தரம் அந்தப் பையனிடம் மறுபடி பேச வேண்டியிருந்தது. வீட்டுக்கு ஓடி வந்து, யாரும் வந்து சொல்வதற்கு முன்னால் நானே அம்மாவிடம் சொன்னேன். யார், என்ன பேசினோம், எவ்வளவு நேரம், போன தடவை நீ முகத்தைத் திருப்பினது எனக்கு எப்படி வலித்தது என்பது வரைக்கும். அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. அம்மா அதை இறக்கி வைத்து வடித்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பிள்ளைக்கு வீடு எங்க?" என்று கேட்டாள்.